சிவப்பு சரியாகத் தெரியாத மகாகவி



வெள்ளைத் தாடியும் நீண்ட அங்கியுமாக இருக்கும் இரவீந்திரநாத் தாகூரின் படத்தை நம்மில் பலர் பள்ளிக்கூடப் புத்தகத்திலே பார்த்திருப்போம். இந்தியாவின் தேசிய கீதமும் வங்காள தேசத்தின் தேசிய கீதமும் அவர் எழுதியவை. இரண்டு நாடுகள் எழுந்து நின்று பாடும் பாட்டைக் கொடுத்த மனிதர் அவர். அவருக்குச் சிவப்பு நிறம் சரியாகத் தெரியாது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அப்படிப்பட்டவர் அறுபது வயதைத் தாண்டிய பிறகு தூரிகை பிடித்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்களைத் தீட்டினார் என்றால் நம்ப முடிகிறதா?

இது நடந்த கதை. நம்ம லயத்துப் பிள்ளைகளில் சிலருக்கும், செம்பனைக் காட்டில் குலை வெட்டும் தோழர்களில் சிலருக்கும் இது சொந்தக் கதையாகவும் இருக்கும். அதனால்தான் இந்த வாரம் இதை எடுத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் பிடிக்காத பிள்ளை

தாகூர் 1861ஆம் ஆண்டு மே 7ஆம் தேதி கல்கத்தாவில், ஜோராசாங்கோ என்ற இடத்தில் இருந்த பெரிய மாளிகையில் பிறந்தார். அப்பா தேவேந்திரநாத் பெரிய ஜமீன்தார். வீடு நிறையப் பிள்ளைகள், இவர் கடைக்குட்டி. நம்மைப் போல உழைத்துப் பிழைத்த குடும்பம் இல்லை. அதை மறைக்க வேண்டியதும் இல்லை. பணத்துக்குக் குறைவில்லாத வீட்டில், வேலைக்காரர்கள் கையிலே வளர்ந்தார். பதினான்கு வயது நிரம்புவதற்குள் தாயை இழந்தார்.

நாலு சுவருக்குள் உட்கார வைத்து அதட்டிப் பாடம் சொல்வது அவருக்கு ஒத்துவரவில்லை. ஒரு பள்ளி மாற்றி இன்னொரு பள்ளி பார்த்தார்கள், எதிலும் நிலைக்கவில்லை. வீட்டிலேயே ஆசிரியர்களை வைத்துப் படிப்பித்தார்கள். 1878இல் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1880இல் பட்டம் எதுவும் வாங்காமலேயே திரும்பி வந்தார். பரீட்சையில் தேறாத பிள்ளை உருப்படாது என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோமே, அந்தக் கணக்குப்படி பார்த்தால் தாகூரும் உருப்படாத பிள்ளைதான்.

1890ஆம் ஆண்டுகளில் அப்பா அவரைக் கிழக்கு வங்காளத்துக்கு அனுப்பி, குடும்பத்து நிலங்களைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அந்தப் பகுதி இப்போது வங்காள தேசத்தில் இருக்கிறது. பத்மா நதியில் படகு வீட்டிலே தங்கி ஊர் ஊராகப் போனார். குத்தகை வசூலிக்கப் போனவர் குடியானவர்களின் கஷ்டத்தைக் கண்ணால் பார்த்தார். வட்டிக்காரனிடம் மாட்டித் தவிப்பதையும், வெள்ளம் வந்தால் சட்டி பானையோடு ஓடுவதையும் பார்த்தார். அந்தப் படகில் இருந்துதான் பல சிறுகதைகள் பிறந்தன. பார்த்ததைக் கதையாக எழுதியதோடு அவர் நிற்கவில்லை. 1905இல் பதிசர் என்ற ஊரில் விவசாயிகளுக்குக் கடன் கொடுக்க ஒரு வங்கியைத் தொடங்கினார். 1906இல் மகன் ரதீந்திரநாத்தை அமெரிக்காவுக்கு அனுப்பி விவசாயம் படிக்க வைத்தார். ஜமீன்தார் வீட்டுப் பிள்ளை மண்ணைப் பற்றிப் படித்து வரட்டும் என்று நினைத்த தகப்பன் அந்தக் காலத்தில் அதிகம் பேர் இல்லை.

மரத்தடியில் ஒரு பள்ளி

1901இல் சாந்திநிகேதனில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். ஆரம்பத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகள்தான். மரத்தடியில் உட்கார்ந்து பாடம், பாட்டு, தோட்ட வேலை எல்லாம் உண்டு. தான் பட்ட பாட்டை வேறு பிள்ளைகள் படக்கூடாது என்ற எண்ணம் அதில் இருந்தது.

அந்த வருடங்களில் அவருக்கு விழுந்த அடி கொஞ்சமில்லை. 1902இல் மனைவி மிருணாளினி இறந்தார். 1903இல் மகள் ரேணுகா, 1905இல் தகப்பனார், 1907இல் இளைய மகன் சமீந்திரநாத். ஆறு வருடத்துக்குள் வீட்டிலே நாலு சாவு. இத்தனைக்கும் நடுவே எழுதிக்கொண்டே இருந்தார். 1912இல் கீதாஞ்சலி ஆங்கிலத்தில் வெளிவந்தது. 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆசியர் ஒருவருக்கு நோபல் பரிசு கிடைத்தது அதுதான் முதல் தடவை.

1915இல் பிரிட்டிஷ் அரசாங்கம் சர் பட்டம் கொடுத்தது. 1919 ஏப்ரல் 13ஆம் தேதி அமிர்தசரஸில், ஜாலியன்வாலாபாக்கில் கூடியிருந்த ஜனங்களைச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த மாதக் கடைசியில் தாகூர் வைஸ்ராய்க்குக் கடிதம் எழுதி, அந்தப் பட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பட்டத்துக்கும் பதவிக்கும் நாக்கைத் தொங்கப் போடுகிறவர்கள் இந்தச் செய்தியை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

மலாயா மண்ணுக்கு வந்தார்

1921இல் சாந்திநிகேதனில் விஸ்வபாரதி என்ற பெரிய கல்வி நிலையம் எழுந்தது. 1922இல் பக்கத்திலேயே ஸ்ரீநிகேதன் என்ற கிராமச் சீரமைப்பு நிலையத்தைத் தொடங்கினார். இதற்கெல்லாம் பணம் வேண்டாமா? ஊர் ஊராகப் போய்ப் பேசி நிதி திரட்டினார். அப்படித்தான் 1927 ஜூலையில் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். அங்கிருந்து மலாக்கா, கோலாலம்பூர், நம்ம ஈப்போ, பினாங்கு என்று மலாயா முழுக்கப் பயணம் செய்தார். அந்தப் பயண ஏற்பாடுகளில் முன்னால் நின்றவர் ஆரியநாயகம் என்ற யாழ்ப்பாணத் தமிழர். பிற்பாடு காந்தியடிகளின் கல்விப் பணியிலும் பேர் வாங்கியவர் அவர்.

அப்போது நம்ம ஊருக்குப் பேர் தெலுக் ஆன்சன். தெலுக் இந்தான் என்று மாறியது 1982இல்தான். சாய்ந்த கோபுரம் அன்றைக்கும் இருந்தது. சுற்றிலும் கித்தாத் தோட்டங்கள். நம்ம தாத்தா பாட்டிமார் விடிவதற்கு முன்னே பெரட்டுக்குப் போய், வெளிச்சம் வரும்போது மரத்தில் உளி வைத்துக்கொண்டிருந்த காலம் அது.

கண்ணில் இருந்த குறை

தாகூரோடு பழகியவர்கள் எழுதி வைத்த நினைவுக் குறிப்புகளில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. பச்சை இலைகளுக்கு நடுவே பூத்திருக்கும் சிவப்புப் பூ மற்றவர் கண்ணில் பளிச்சென்று படும், அவர் கண்ணுக்கு எடுபடாது. நீல நிறம் என்றால் மட்டும் எவ்வளவு சின்னப் பூவாக இருந்தாலும் முதலில் கண்டுபிடித்துவிடுவார். 1987இல் பிக்ஃபோர்டு, போஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அவருடைய ஓவியங்களை இந்தக் கோணத்தில் ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பின்னால் வங்காளத்தில் கேதகி குஷாரி டைசன், சுசோபன் அதிகாரி என்ற இருவர் இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார்கள். தாகூருக்குச் சிவப்பு - பச்சை நிறப் பார்வைக் குறை இருந்திருக்க வேண்டும் என்பது இவர்களுடைய கணிப்பு.

இதை நிறக்குருடு என்கிறோம். மலாய்க்காரர்கள் பூத்தா வார்னா என்கிறார்கள். குருடு என்ற சொல்லைக் கேட்டு யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். பார்வை நன்றாகத்தான் இருக்கும். உலகம் கறுப்பு வெள்ளைப் படம் போலத் தெரியும் என்று நினைப்பதும் தப்பு. சில நிறங்களைப் பிரித்துப் பார்ப்பதுதான் கஷ்டம்.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம்ம கண்ணின் பின்புறத் திரையில், நிறத்தை அறிவதற்கென்று மூன்று வகையான அணுக்கள் இருக்கின்றன. ஒன்று சிவப்புப் பக்கத்து ஒளியையும், ஒன்று பச்சைப் பக்கத்து ஒளியையும், ஒன்று நீலப் பக்கத்து ஒளியையும் அதிகமாக வாங்கும். மூன்றும் சேர்ந்து அனுப்பும் செய்தியைக் கொண்டுதான் மூளை நிறத்தை முடிவு செய்கிறது. அதில் ஒரு வகை இல்லாமல் போனாலோ மாறிப் போனாலோ கணக்குக் குழம்பும். சிவப்புப் பக்கத்து அணு இல்லாதவருக்குச் சிவப்பு மங்கி, இருண்டு தெரியும். சிவப்பும் கறுப்பும், பச்சையும் பழுப்பும் ஒன்று போலத் தோன்றும்.

நெசவாளி மகன் கண்டுபிடித்தது

இந்தக் குறையை முதன்முதலில் விஞ்ஞான முறையில் விளக்கி எழுதியவர் ஜான் டால்டன். அணுவைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் வருகிற அதே டால்டன்தான். 1766இல் இங்கிலாந்தில் ஓர் ஏழை நெசவாளியின் மகனாகப் பிறந்தவர். பன்னிரண்டு வயதிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தவர். ஒரு நாள் அவர் பார்த்த ஜெரேனியம் பூ, பகல் வெளிச்சத்தில் நீலமாகவும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சிவப்பாகவும் தெரிந்தது. மற்றவர்களுக்கு அப்படித் தெரியவில்லை, அவருடைய சகோதரருக்கு மட்டும் தெரிந்தது. தன் கண்ணில்தான் ஏதோ இருக்கிறது என்று புரிந்துகொண்டு 1794இல் மான்செஸ்டர் அறிஞர் சபையில் கட்டுரை படித்தார்.

கண்ணுக்குள் இருக்கும் நீர் நீலமாக இருப்பதுதான் காரணம் என்று அவர் நினைத்தார். தான் செத்த பிறகு கண்ணைத் திறந்து பார்க்கும்படி சொல்லி வைத்தார். 1844இல் இறந்ததும் பார்த்தார்கள். நீர் தெளிவாகத்தான் இருந்தது. பத்திரப்படுத்தியிருந்த அந்தக் கண்ணை 1995இல் மரபணுச் சோதனை செய்தபோது, பச்சைப் பக்கத்து அணுவின் கூறு அவருக்கு இல்லை என்று தெரிந்தது. செத்து நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகு நெசவாளி மகனின் கேள்விக்குப் பதில் கிடைத்தது.

தாய்மாமன் வழி வரும் குறை

பெரும்பாலும் இது பிறவியிலேயே வருவது. ஒட்டுவாரொட்டி இல்லை, கண்ணேறு இல்லை, யாரும் செய்த பாவமும் இல்லை. இந்தக் கூறு எக்ஸ் என்ற இனக்கீற்றில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அதைத் தாயிடம் இருந்து வாங்குகிறான். அது பழுதாக இருந்தால் ஈடு செய்ய வேறு இல்லை. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றது காப்பாற்றும். அதனால்தான் இந்தக் குறை ஆண்களிடம் அதிகம், பெண்களிடம் அபூர்வம். ஐரோப்பிய ஆண்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு இது உண்டு, பெண்களில் இருநூற்றுக்கு ஒருவர்தான். ஆசியர்களிடம் சற்றுக் குறைவு.

தகப்பனிடம் இருந்து மகனுக்கு இது போகாது. மகளுக்குப் போகும். மகள் நன்றாகப் பார்ப்பாள், ஆனால் அவள் பெறும் ஆண்பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வர வாய்ப்புண்டு. தாய்வழித் தாத்தாவுக்கோ தாய்மாமனுக்கோ இருந்தால் பேரனையும் மருமகனையும் கவனிக்க வேண்டும். அக்கா மகளைக் கட்டுகிற குடும்பங்களில் பெண்பிள்ளைக்கும் வருவதற்கு வாய்ப்புக் கூடுகிறது. இதற்காகத் தாயைக் குறை சொல்வது அநியாயம். அவள் கேட்டு வாங்கி வந்ததில்லை.

இதைத் தீர்க்க மருந்து கிடையாது. கண்ணாடி போட்டால் எல்லா நிறமும் தெரியும் என்று விளம்பரம் செய்கிறார்கள். சிலருக்குச் சில நிறங்கள் கொஞ்சம் வேறுபட்டுத் தெரியலாம், குறை தீராது. வைத்தியம் செய்கிறேன் என்று பணம் கேட்பவனிடம் ஏமாற வேண்டாம். வயதாக ஆகக் கூடுகிற நோயும் இல்லை. ஆனால் ஒன்று, இதுவரை நன்றாகத் தெரிந்த நிறம் நடு வயதில் திடீரென்று மங்கினால் அது வேறு விஷயம். சர்க்கரை வியாதியாலும், காசநோய்க்குக் கொடுக்கும் எத்தம்பியூட்டால் போன்ற மருந்தாலும் அப்படி ஆகலாம். மருந்தை நாமாக நிறுத்தாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்ல வேண்டும்.

அறுபதுக்கு மேல் தூரிகை

தாகூரிடம் திரும்புவோம். 1924இல் தென் அமெரிக்கா போகிற வழியில் உடம்புக்கு முடியாமல் அர்ஜென்டினாவில் தங்கினார். விக்டோரியா ஒக்காம்போ என்ற அம்மையார் அவரைக் கவனித்துக்கொண்டார். அங்கே எழுதிய கவிதைத் தாள்களில் அடித்துத் திருத்திய இடங்களை அப்படியே விடாமல், கோட்டோடு கோடு சேர்த்துப் பறவையாக, மிருகமாக, முகமாக ஆக்கிக்கொண்டிருந்தார். அந்தக் கிறுக்கல்களைப் பார்த்து வியந்தவர் அந்த அம்மையார். சில வருடங்களில் தாகூர் தனித் தாளில் முழு ஓவியமாகவே வரைய ஆரம்பித்தார். 1930 மே மாதம் பாரிஸ் நகரில் முதல் கண்காட்சி நடந்தது. அதற்கும் உதவியவர் ஒக்காம்போதான். தாகூருக்கு அப்போது கிட்டத்தட்ட 69 வயது. அதே வருடம் லண்டன், பெர்லின், மாஸ்கோ, நியூயார்க் என்று படங்கள் ஊர் சுற்றின.

அவர் எந்த ஓவியப் பள்ளியிலும் படித்துத் தேறியவர் இல்லை. வண்ண மையை எடுத்துக் கையால், துணியால்கூடப் பூசினார். பழுப்பும் கறுப்பும் கலந்த இருட்டில் இருந்து முகங்கள் நம்மைப் பார்க்கும். மரம் பச்சையாக இருக்க வேண்டும், முகம் மாநிறமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அந்தப் படங்களில் இல்லை. தன் கண் காட்டிய உலகத்தை அவர் தாளிலே வைத்தார்.

அவர் வளர்த்த சாந்திநிகேதனில் இன்னொரு பிள்ளையும் படித்தார். பினோத் பிஹாரி முகர்ஜி. பிறவியிலேயே ஒரு கண் தெரியாது, மறு கண்ணிலும் பார்வை மட்டு. அங்கே ஓவியம் படித்து ஆசிரியரானார். 1950ஆம் ஆண்டுகளில் முழுப் பார்வையும் போன பிறகும் கையால் தடவித் தடவிப் படைத்துக்கொண்டிருந்தார். இடம் கொடுக்கிற பள்ளி இருந்தால் குறையுள்ள பிள்ளையும் வளரும் என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

1941ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் தேதி, பிறந்த அதே ஜோராசாங்கோ வீட்டில் தாகூர் கண்ணை மூடினார். வயது 80.

நம்ம காட்டில் என்ன நடக்கிறது?

கித்தாக் காலத்தில் இந்தக் குறை வேலையில் அவ்வளவாகத் தெரியவில்லை. பால் வெள்ளை, மங்கில் விழுவது எல்லார் கண்ணுக்கும் தெரியும். செம்பனை வந்த பிறகு கதை மாறியது. காயாக இருக்கும்போது குலை கறுத்திருக்கும், பழுத்தால் ஆரஞ்சுச் சிவப்பாகும். அண்ணாந்து பார்த்து நிறத்தை வைத்து வெட்ட வேண்டும். சிவப்பு இருண்டு தெரிகிற தொழிலாளிக்குக் காயும் பழமும் ஒன்றுதான். பழுக்காத குலையை வெட்டினால் கூலியில் பிடித்தம். பழுத்ததை விட்டுவிட்டால் மண்டோரிடம் ஏச்சு.

சங்க வேலையாகப் போன ஒரு தோட்டத்திலே இப்படி ஒரு வழக்கு என்னிடம் வந்தது. நல்ல உழைப்பாளி. காய் வெட்டுகிறார் என்று மாதா மாதம் கூலியில் பிடித்திருக்கிறார்கள். சோம்பேறி, கவனமில்லாதவன் என்று பேர். அவருடைய மகனுக்கு நிறம் தெரிகிறதா என்று யாரும் கேட்கவில்லை, அவருக்குத் தெரிகிறதா என்றும் கேட்கவில்லை. கிளினிக்கில் புள்ளிப் படப் புத்தகத்தைக் காட்டிய ஐந்து நிமிடத்தில் விஷயம் வெளியே வந்தது. ஜப்பானிய டாக்டர் இஷிஹாரா 1917இல் வெளியிட்ட சோதனை அது. வண்ணப் புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும், குறை உள்ளவருக்கு அது தெரியாது. பிறகு ஒரு வழி கிடைத்தது. அவர் மனைவி உதிரிப் பழம் பொறுக்குகிறவர். மரத்தடியில் உதிர்ந்து கிடப்பதையும் குலையின் நிறத்தையும் அந்த அம்மா பார்த்துச் சொல்ல, இவர் வெட்டினார். பிடித்தம் நின்றது.

எல்லா வேலைக்கும் இந்தச் சோதனை அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். 1875இல் ஸ்வீடனில் இரண்டு ரயில் மோதி ஒன்பது பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் ஹோல்ம்கிரென் என்ற பேராசிரியர் ரயில்வேக்காரர்களின் நிறப் பார்வையைச் சோதிக்க வேண்டும் என்று வாதாடி வெற்றி பெற்றார். சமிக்ஞை விளக்கைப் பார்த்து ஓட்டுகிறவருக்கு நிறம் தெரிய வேண்டியதுதான். உயிர் விஷயம். ஆனால் நிறம் தெரியவில்லை என்ற ஒரே காரணத்தைக் காட்டி எல்லாக் கதவையும் சாத்துவது சரியில்லை. 2023 அக்டோபரில் இந்தியாவின் உச்ச நீதிமன்றம் ஒரு தமிழ்நாட்டு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பரீட்சையில் தேறிய மின் பொறியாளருக்கு நிறப் பார்வைக் குறை என்று மின்வாரியம் வேலை மறுத்தது. அவருக்கு ஏற்ற வேலையைக் கொடுத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவு போட்டது. தொழிலாளிக்குத் தக்கபடி வேலையைக் கொஞ்சம் மாற்றிக் கொடுப்பது முதலாளியின் கடமை என்ற கொள்கைக்கு அது பலம்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

பிள்ளை இலைக்குப் பழுப்பு அடித்தால், வானத்தை ஊதாவாக்கினால், பழுத்த மிளகாயைப் பறித்து வா என்றால் பச்சையையும் சேர்த்துப் பறித்து வந்தால், தலையில் குட்டாதீர்கள். கிளினிக்குக்குக் கூட்டிப் போய்ச் சோதித்துப் பாருங்கள். வாத்தியாரிடம் சொல்லி வையுங்கள். வண்ணப் பென்சிலில் பேரை எழுதி ஒட்டிக் கொடுங்கள். சாலை விளக்கில் மேலே சிவப்பு, கீழே பச்சை என்று இடத்தைச் சொல்லிக் கொடுங்கள். மின்சாரக் கம்பியை நிறம் பார்த்து மாட்டுகிற வேலையை அவன் தனியாகத் தொடக்கூடாது. ஐந்தாம் படிவம் முடித்து மனுப் போடுகிற நேரத்தில் தெரிய வந்து பிள்ளை உடைந்து போவதைவிட, பத்து வயதில் தெரிந்துகொண்டு வேறு பாதையைப் பார்ப்பது எவ்வளவோ மேல். சில படிப்புக்கும் வேலைக்கும் இந்தச் சோதனை இருக்கிறது.

பக்கத்தில் வேலை செய்கிற தோழர் காயையும் பழத்தையும் மாற்றி வெட்டினால் சிரிக்காதீர்கள். ஒரு வார்த்தை கேளுங்கள். நிறம் தெரியாத குறை என்றால் சங்கத்துக்குச் சொல்லுங்கள். அவர் கூலியில் பிடிக்கிற ஒவ்வொரு வெள்ளிக்கும் கணக்குக் கேட்க வேண்டியது நம்ம வேலை.